குவிக் ஷிஃப்டர்: பொருத்துவதும் பழுது பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரியாங்குப்பத்தில், கடலூர் சாலையை ஒட்டி எனக்கு ஒரு சிறிய பைக் பட்டறை இருக்கிறது. கிளட்சைப் பிடிக்காமல் கியர் மாற்ற உதவும் குவிக் ஷிஃப்டரைப் பற்றி வாரத்துக்கு நான்கு பேராவது வந்து கேட்கிறார்கள். புதிதாகப் பொருத்த நினைப்பவர்கள் ஒரு பக்கம். எங்கேயோ பொருத்திவிட்டு, சரியாக வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் இன்னொரு பக்கம். இரண்டாவது வகையினர் எல்லோரும் மாட்யூல் என்னும் மின்பெட்டியைத்தான் குறை சொல்கிறார்கள். நான் திறந்து பார்த்தவரை, பெரும்பாலும் கோளாறு கால் லீவருக்கும் கியர் ஷாஃப்டுக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு சாண் இரும்பில்தான் இருந்திருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

குவிக் ஷிஃப்டர் உண்மையில் என்ன செய்கிறது?

பைக்கின் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எல்லாம் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுழல்கின்றன. சக்கரத்தின் பக்கவாட்டில் டாக் என்று சொல்லப்படும் தடித்த பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். அவை ஒரு சக்கரத்தை விட்டு விலகி அடுத்த சக்கரத்தோடு போய் மாட்டிக்கொள்வதைத்தான் கியர் மாறுவது என்கிறோம். எஞ்சின் வண்டியை இழுத்துக்கொண்டிருக்கும்போது இந்தப் பற்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும். காலால் தூக்கினாலும் எளிதில் விலகாது. கிளட்சைப் பிடிப்பதும் ஆக்சிலேட்டரைத் தளர்த்துவதும் அந்த இறுக்கத்தை எடுப்பதற்காகத்தான்.

குவிக் ஷிஃப்டர் அதே வேலையை எஞ்சின் பக்கத்திலிருந்து செய்கிறது. கால் லீவரையும் கியர் ஷாஃப்டையும் இணைக்கும் கியர் ராடில் ஒரு சென்சார் இருக்கும். கால் லீவரைத் தூக்கும் விசை அதில் பட்டவுடன், மாட்யூல் ஸ்பார்க்கையோ பெட்ரோல் தெளிப்பையோ ஒரு நொடியின் மிகச் சிறிய பங்குக்கு நிறுத்துகிறது. பொதுவாக 50 முதல் 80 மில்லிநொடி. கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் இறுக்கம் தளர்கிறது, காலில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தம் கியரை நகர்த்திவிடுகிறது. கியரைத் தள்ளுவது உங்கள் கால்தான். கருவி வழிவிடுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டவர்களுக்குப் பாதிப் பழுதுகள் வருவதே இல்லை.

நகருக்குள் மெதுவாகப் போகும்போது ஏன் உதைக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், ஸ்பார்க் நிற்கும் துண்டிப்பு நேரம் 65 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அந்த நேரத்துக்குள் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, சுமார் பத்து முறை சுற்றிவிடும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் சிலிண்டர் வெடிக்கும் என்பதால், ஐந்து வெடிப்புகள் விடுபடும். வேகம் வழுக்கிக்கொண்டு இறங்கும், கியர் வெண்ணெயில் கத்தி போல விழும்.

அதே வண்டி 3,000 சுற்றில் போகிறது என்றால், 65 மில்லிநொடியில் கிராங்க் மூன்றேகால் சுற்றுதான் சுற்றும். ஒரு வெடிப்பு, மிஞ்சினால் இரண்டு விடுபடும். சில முறை துண்டிப்பு இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் விழும், சில முறை வெடிப்பின் மேலேயே விழும். அதனால் ஒரே இடத்தில், ஒரே கியரில், ஒருமுறை மென்மையாகவும் அடுத்த முறை முரட்டுத்தனமாகவும் மாறுகிறது. இது பழுது அல்ல, ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் இயல்பு. முதலியார்பேட்டை நெரிசலில் கிளட்சைப் பிடித்தே கியர் மாற்றுங்கள். கம்பெனியே பொருத்தித் தரும் குவிக் ஷிஃப்டர்கள் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கும் சுற்றுக்கும் கீழே வேலை செய்யாதபடி அமைக்கப்பட்டிருப்பதற்கும் இதுதான் காரணம்.

என் வண்டியில் பொருத்த முடியுமா?

முதலில் குனிந்து, இடது பக்கக் கால் லீவரைப் பாருங்கள். லீவரிலிருந்து ஒரு மெல்லிய ராடு கியர் ஷாஃப்டின் கைக்குப் போகிறதா? போனால் சென்சாருக்கு இடம் இருக்கிறது. லீவர் நேராக ஷாஃப்டிலேயே மாட்டப்பட்டிருந்தால், அதாவது முன்னும் பின்னும் மிதிக்கும் சாதாரணப் பயன்பாட்டு வண்டிகளில் இருப்பதுபோல இருந்தால், ராடில் பொருத்தும் சென்சாருக்கு வழியில்லை. அந்த வண்டிக்கு இது தேவையும் இல்லை.

சில வண்டிகளில் கம்பெனியே தருகிறது. யமஹா ஆர்15 வி4 வரிசையின் சில வகைகளில் மேல் கியருக்கு மட்டும் உண்டு. டிவிஎஸ் அப்பாச்சி ஆர்டிஆர் 310-இன் சில வகைகளில் மேலும் கீழும் இரண்டுக்குமான வசதி இருக்கிறது. உங்கள் வண்டிக்குக் கம்பெனிக் கருவி கிடைக்கிறது என்றால் அதையே வாங்குங்கள். விலை கூடுதலாக இருந்தாலும் வயரை வெட்டவேண்டிய வேலை இராது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியூவும் அதை அறிந்திருக்கும்.

கீழ் கியருக்கும் கிளட்ச் இல்லாமல் இறங்க முடியாதா?

மேல் கியருக்குப் போகும்போது எஞ்சின் சுற்று குறையவேண்டும். ஸ்பார்க்கை நிறுத்தினால் போதும். கீழ் கியருக்கு இறங்கும்போது சுற்று கூடவேண்டும். யாராவது ஆக்சிலேட்டரை ஒரு கணம் திறந்துவிட வேண்டும். கேபிளால் இயங்கும் ஆக்சிலேட்டரை இசியூவால் திறக்க முடியாது. அதனால்தான் கீழிறங்கும் வசதி, எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டிலை மின்மோட்டார் திறக்கும் ரைடு-பை-வயர் வண்டிகளில் வருகிறது.

ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அது வேறு. கியரை இறக்கிவிட்டுக் கிளட்சை விடும்போது பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கியரை மாற்ற அது உதவாது.

கியர்பாக்ஸ் கெட்டுப்போகுமா?

சரியாக அமைத்து, சரியான சுற்றில், ஆக்சிலேட்டரைத் திறந்து வைத்து மாற்றினால் கெடாது. அரைகுறையாகக் கிளட்சைப் பிடித்து, கியரை இடித்துத் தள்ளுபவரின் பெட்டி இதைவிடச் சீக்கிரம் தேயும். கெடுப்பது வேறு பழக்கங்கள். லீவரின் அடியில் காலை எப்போதும் வைத்துக்கொண்டே ஓட்டுவது ஒன்று. ஆக்சிலேட்டரை மூடிவிட்டு மேல் கியருக்குத் தூக்குவது இன்னொன்று. மூடியிருக்கும்போது எஞ்சின் இழுக்கவில்லை. பின்சக்கரம்தான் எஞ்சினைத் தள்ளுகிறது. பற்கள் எதிர்ப் பக்கமாக இறுகியிருக்கும். அப்போது ஸ்பார்க்கை நிறுத்தி என்ன பயன்?

பொருத்தும்போது எதை எல்லாம் கவனிக்க வேண்டும்?

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். வயரிங் ஒரு மணி நேர வேலை. ராடுக்கு நான் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

ராடைக் கழற்றுவதற்கு முன், இரு முனைகளிலும் உள்ள போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து எழுதி வையுங்கள். கியர் ஷாஃப்டின் கை எந்தப் பல்லில் மாட்டியிருக்கிறது என்பதற்கு ஷாஃப்டிலும் கையிலும் நேருக்கு நேராக ஒரு புள்ளி குத்துங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் கழற்றிவிட்டு, பிறகு லீவர் உயரம் ஒத்துவரவில்லை என்று திண்டாடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான ராடுகளின் ஒரு முனையில் வழக்கமான மரை, மறு முனையில் இடது மரை. ராடைத் திருகினால் நீளம் கூடிக் குறைவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இடது மரையில் உள்ள லாக் நட்டை வழக்கமான திசையில் கழற்றப்போனால் இன்னும் இறுகும். "அண்ணே, நட்டு துருப்பிடித்துவிட்டது, வரவே இல்லை" என்று நட்டின் ஆறு மூலைகளும் மழுங்கிப்போன ராடோடு ஒரு தம்பி வந்தார். துரு ஒன்றும் இல்லை. திசைதான் தவறு.

சென்சார் ராடின் ஒரு பகுதியாக நடுவில் உட்காரும். ஆகவே ராடை அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும், அல்லது கருவியோடு வரும் குட்டை ராடைப் பயன்படுத்த வேண்டும். எல்லாம் சேர்ந்து பழைய நீளம் வரவேண்டும். முனைகள் மரைக்குள் போதுமான ஆழம் போயிருக்க வேண்டும். நான்கைந்து சுற்று மரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் ராடை நான் வெளியே அனுப்பமாட்டேன்.

லாக் நட்டை இறுக்கும்போது சென்சாரின் உடம்பை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பானரால் நட்டைத் திருகுங்கள். விசையை அளக்கும் வகைச் சென்சாருக்குள் மெல்லிய தகடு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். இழுப்பையும் அழுத்தத்தையும் தாங்கும்படி செய்தது அது, முறுக்கினால் போய்விடும். வெளியே கீறல்கூடத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அது சொல்வதெல்லாம் பொய்.

எல்லாம் மாட்டியபின், லீவரை நடுநிலையில் விட்டு, ராடுக்கும் ஷாஃப்டின் கைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பாருங்கள். செங்கோணத்துக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். கோணம் சாய்ந்தால் காலின் விசை பாதி வீணாகும், சென்சாருக்கும் தாமதமாகத்தான் சேதி போகும். கடைசியாக, லீவரை மேலே முழுக்கத் தூக்கியும் கீழே முழுக்க அழுத்தியும் பாருங்கள். சென்சார் பிரேமையோ ஸ்டாண்டையோ எஞ்சின் மூடியையோ எங்கேயும் தொடக்கூடாது. வயருக்கு ஒரு விரல் அளவு தளர்வு வேண்டும்.

தள்ளும் சென்சாரா, இழுக்கும் சென்சாரா? எப்படித் தெரிந்துகொள்வது?

மேல் கியருக்கு லீவரை அசைக்கும்போது ராடு அழுத்தப்படுகிறதா, இழுபடுகிறதா என்பதைப் பொறுத்தது. ஒருவர் ஷாஃப்டின் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் லீவரை மெல்லத் தூக்குங்கள். ராடு அந்தக் கையை நோக்கித் தள்ளினால் தள்ளும் வகை, தன் பக்கம் இழுத்தால் இழுக்கும் வகை. பந்தய வண்டிகள் போலக் கியர் வரிசையைத் தலைகீழாக்கியிருந்தால் இதுவும் தலைகீழாகிவிடும். சில சென்சார்கள் இரண்டையும் உணரும். அவற்றில் மாட்யூலின் அமைப்பில் திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயரிங்: காயிலா, இன்ஜெக்டரா?

பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் உள்ள வண்டியில் இன்ஜெக்டரைத் துண்டிப்பதையே நான் விரும்புகிறேன். ஸ்பார்க்கை மட்டும் நிறுத்தினால் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போகும். பட்பட்டென்று வெடிக்கும் சத்தம் இளைஞர்களுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் உள்ளே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு அது நல்லதல்ல. கார்புரேட்டர் வண்டியில் வேறு வழியில்லை, ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில்தான். அங்கேயும் வண்டியில் இருப்பது சிடிஐ (கெபாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஸ்பார்க்குக்கு விடும்) வகை இக்னிஷனா என்று பார்த்து, அதற்கு ஏற்ற மாட்யூலை வாங்குங்கள்.

வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றும் வேலை வேண்டாம். வண்டியின் கனெக்டருக்கு இடையில் அப்படியே செருகும் வகையை வாங்குங்கள். எர்த் வயரை டேங்குக்கு அடியில் கிடைத்த ஏதோ ஒரு பெயின்ட் அடித்த போல்ட்டில் கட்டாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோங்கள்.

துண்டிப்பு நேரத்தை எவ்வளவு வைப்பது?

கருவியோடு வரும் அளவில் தொடங்குங்கள். அது இல்லையென்றால் 65 மில்லிநொடி நல்ல தொடக்கம். ஒருமுறைக்கு ஐந்து மில்லிநொடிக்கு மேல் மாற்றாதீர்கள். கியர் விழும் முன்பே எஞ்சின் மீண்டும் இழுக்கத் தொடங்கினால், காலில் ஒரு கடினமான இடி தெரியும்: நேரம் போதவில்லை. கியர் விழுந்தபின் வண்டி ஒரு கணம் மூச்சடைத்து, தலை முன்னால் சாய்ந்தால்: நேரம் அதிகம். முதலிலிருந்து இரண்டுக்கு மாறும்போது நடுவில் நியூட்ரலைத் தாண்ட வேண்டியிருப்பதால் மற்றவற்றைவிடக் கூடுதல் நேரம் கேட்கும்.

ஸ்டாண்டில் நிறுத்திச் சோதித்து முடிவு செய்யாதீர்கள். அங்கே சுமை இல்லை. சிக்னல் போகிறதா என்று பார்க்கத்தான் அது பயன்படும்.

ஐந்திலிருந்து ஆறுக்குப் போகும்போது கியர் விழாமல் எஞ்சின் மட்டும் கதறுகிறது. ஏன்?

இரண்டு கியர்களுக்கு நடுவே பற்கள் மாட்டாமல் நின்றுவிட்டன, பொய் நியூட்ரல். ஆக்சிலேட்டரை விடுங்கள், கிளட்சைப் பிடியுங்கள், பிறகு கியரைப் போடுங்கள். பதற்றத்தில் மீண்டும் மீண்டும் உதைக்காதீர்கள்.

காரணங்களில் முதலாவது, கால். தொட்டுவிட்டு உடனே எடுப்பவர்கள் உண்டு. கியர் விழுந்தது தெரியும்வரை அழுத்தம் இருக்கவேண்டும். இரண்டாவது, லீவர் உயரம்: நீங்கள் அணியும் ஷூவின் கனத்துக்கு லீவர் தாழ்ந்திருந்தால் முழுத் தூரம் தூக்கவே முடியாது. செருப்போடு ஓட்டிப் பார்த்து அமைத்துவிட்டு, பிறகு தடித்த ஷூ போடுபவர்களுக்கு இது நிச்சயம் வரும். மூன்றாவது, ராடு முனையிலுள்ள உருண்டை மூட்டின் ஆட்டம். லீவர் நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். கியர் ஷாஃப்ட் அசைவதற்கு முன் நுனி எவ்வளவு தூரம் சும்மா நகர்கிறது? அந்தத் தூரம் முழுக்க நீங்கள் இழக்கும் தூரம். இவை எல்லாம் சரியாக இருந்தும், கிளட்சைப் பிடித்து மாற்றும்போதும் அதே இடத்தில் கியர் நழுவினால், உள்ளே பற்சக்கரத்தை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கோ பற்களோ தேய்ந்திருக்கின்றன. குவிக் ஷிஃப்டரை அமைத்து அதைச் சரிசெய்ய முடியாது.

காலை வைக்காமலேயே எஞ்சின் அணைந்து அணைந்து வருகிறதே?

இது ஆபத்தானது. சரியாகும்வரை கருவியின் கனெக்டரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு தம்பி இப்படித்தான் வந்தார். லாரியை முந்தும்போது அரை நொடி இழுவை போய்விட்டது என்று சொன்னபோது அவர் குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஓரிடத்தில் மாட்யூலை மாற்றியிருந்தார்கள். நான் மாட்யூலைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினேன், ஒன்றுமில்லை. சென்சார் வயரை விரல் நுனியால் லீவர் ஓரமாக அசைத்தேன், எஞ்சின் திக்கியது. வயர் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டின் கூர்மையான விளிம்பில் உரசி, கறுப்பு உறையில் நகக்கீறல் போல ஒரு வெட்டு. அதற்குள் செம்பு பச்சை பூத்திருந்தது. உப்புத்தண்ணீர் உள்ளே போய்ச் செய்த வேலை. வயரை மாற்றி, ரப்பர் குழாய் போட்டு, வேறு வழியாக இழுத்துக் கட்டினேன். விளிம்பையும் அரம் வைத்து ராவிவிட்டேன்.

வயர் சரியாக இருந்தால் சென்சாரில் ஏற்கெனவே விசை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ராடு வளைந்து மாட்டியிருந்தால், கால் இல்லாமலேயே சென்சார் அழுந்திய நிலையில் இருக்கும். ஒரு முனை போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். ராடு துள்ளி விலகினால் அதுதான். வேகத்தடையில் மட்டும் அணைகிறது என்றால், சென்சாரின் உணர்திறனை அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறீர்கள். லீவரில் ஷூ லேசாகப் பட்டாலே போதும் என்றாகிவிட்டது.

சில நாள் வேலை செய்கிறது, சில நாள் இல்லை. எங்கே தொடங்குவது?

கனெக்டரில். பிறகு பியூஸ், எர்த், பேட்டரி மின்னழுத்தம். மாட்யூலில் விளக்கு இருந்தால், எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு லீவரைக் கையால் தூக்குங்கள். விளக்கு எரிந்தால் சென்சார் பேசுகிறது; கோளாறு மாட்யூலிலிருந்து காயிலுக்கோ இன்ஜெக்டருக்கோ போகும் வழியில்.

குவிக் ஷிஃப்டர் போட்டபின் எல்லாக் கியரிலும் பின்னால் "டக்" என்று இடிக்கிறது.

செயின் தளர்வைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகள் நைந்திருக்கும். இழுவை போய் மீண்டும் வரும்போது அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது அவைதான்.

கடலோரத்தில் இருக்கிறோம். தனியாக ஏதாவது பராமரிப்பு வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். கோயம்புத்தூரில் இருக்கும் ஒருவருக்கு ஐந்து வருடம் வரும் ராடு மூட்டு நமக்கு அவ்வளவு வராது. மூர்த்திக்குப்பமோ, புதுக்குப்பமோ, சில்வர் பீச் பக்கமோ, கடலைப் பார்த்து இரவில் நிற்கும் வண்டியின் ராடு முனைகளில் விடிந்ததும் விரலை வைத்துப் பாருங்கள், பிசுபிசுப்பு தெரியும். மாதம் ஒருமுறை மூட்டுகளை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, கிரீஸ் வையுங்கள். கனெக்டருக்குள் மின்சாரக் கனெக்டர்களுக்கென்றே விற்கும் கிரீஸைக் கொஞ்சம் தடவுங்கள். பிரஷர் வாஷ் செய்பவரிடம் சென்சாரின் மேல் நேராக அடிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபின் தண்ணீரில் நின்ற வண்டிகள் நிறைய வந்தன. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை வெள்ளத்தில் மூழ்கிய கடலூர்ப் பக்கத்து வண்டிகளும் வந்தன. உடனே கனெக்டரைக் கழற்றிக் காயவைத்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஓடுகிறதே என்று விட்டவர்கள் பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பின்கள் கறுத்து, தொட்டால் உதிர்ந்தன. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி மூழ்கினால் சீட்டைக் கழற்றிக் கனெக்டரைக் காயவைப்பதே முதல் வேலையாக இருக்கட்டும்.

வாரண்டி போய்விடுமா?

வெளியில் வாங்கிய கருவியைப் பொருத்தியபின் மின்கோளாறு வந்தால் கம்பெனி மறுக்க வாய்ப்பு அதிகம். எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவும் கூடும்; இன்ஜெக்டர் சுற்றில் யாரோ கைவைப்பதை இசியூ கவனிக்கிறது. வாரண்டி முடியும்வரை காத்திருங்கள் என்பதே நான் சொல்லும் வழி.

புதுச்சேரி–கடலூர் சாலையில் இது தேவையா?

தேவையில்லை என்றே பலருக்குச் சொல்லி அனுப்புகிறேன். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடி வரை பள்ளிக்கூடமும் சந்தையும் பஸ் நிறுத்தமும் வேகத்தடையும்தான். இந்தக் கருவி நன்றாக வேலை செய்யும் சுற்றில் எஞ்சினை வைத்து இந்தச் சாலையில் போவது யாருக்கும் நல்லதல்ல. மாதத்துக்கு ஒருமுறையாவது மரக்காணம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெடுந்தூரம் போகிறவர், அல்லது இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் பயிற்சிக்குப் போகிறவர் என்றால் மகிழ்ச்சியாகப் பொருத்தித் தருகிறேன். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயரும் செயின் செட்டும் வாங்கலாம்.

கழற்றிய பழைய ராடை என்ன செய்வது?

எண்ணெய் தடவி, லாக் நட்டுகளோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, நீங்கள் அளந்து எழுதிய நீளத்தையும் அதோடு வைத்து வீட்டில் வையுங்கள். நெடுந்தூரம் போகும்போது சீட்டுக்கு அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்சார் வழியில் உடைந்தால், இரண்டு ஸ்பானரும் அந்த ராடும் இருந்தால் பத்து நிமிடத்தில் மாட்டிக்கொண்டு கிளட்சைப் பிடித்து ஓட்டி வீடு வந்துவிடலாம்.